இடித்துக் கட்டிய வாசல்

"யார் இந்தச் சுவர்ல கை வெச்சது?"

இன்ஜினியர் போட்ட சத்தத்தில் முதல் மாடியே அப்படியே நின்றது. கலவை குழைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டடம். செங்கல் அடுக்கும் மெஷின் வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. கம்ப்யூட்டரில் வரைபடத்தை ஏற்றிவிட்டால் போதும். கீழே ஒரு பெண் பெல்ட்டில் ஏற்றிவிடும் கல்லை நீளமான ஒற்றைக் கையால் எடுக்கும், கலவை தடவும், வைக்கும். அதை இங்கே கொண்டுவர முதலாளியிடம் ஒரு வருஷம் மல்லுக்கட்டியவள் இந்த இன்ஜினியர்தான்.

இன்று காலை ஸ்கேனர் வைத்துச் சுவரை அளந்தால், வார்டு வாசல் ஓர் அடி கூடுதல் அகலம். மெஷின் வைத்த கல்லைப் பெயர்த்துவிட்டு யாரோ கையால் கட்டியிருக்கிறார்கள்.

கேமராவைப் போட்டுப் பார்த்தாள். நேற்று சாப்பாட்டு நேரம். எல்லோரும் கீழே போன பிறகு ஒரே ஒரு ஆள். முகம் தெரியவில்லை. ஆனால் அந்த உயரத்துக்கு அங்கே ஒருவர்தான் உண்டு. நெட்டை மேஸ்திரி.

அதற்குள் முதலாளியே மேலே ஏறி வந்துவிட்டார்.

"என்னம்மா, உன் மெஷின் வாசலை ஓர் அடி கூட்டிக் கட்டியிருக்காமே? நான் அப்பவே சொன்னேன். ஒரு தப்பு வந்தாலும் வந்த லாரியிலயே ஏத்தி அனுப்பிடுவேன், பார்த்துக்கோ."

"மெஷின் தப்பு பண்ணலை சார். ஆள்தான்."

போனை மேஸ்திரியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது நீங்கதானே?"

மேஸ்திரி படத்தைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர், மூடிக்கொண்டார்.

"நான்தாங்க."

"எதுக்கு இடிச்சீங்க?"

மேஸ்திரி கரணையில் ஒட்டியிருந்த கலவையைச் சுரண்டினார்.

"நானே சொல்லட்டுமா? மெஷின் வந்து உங்க பொழப்புல மண்ணைப் போட்டுடுச்சு. அதுக்குக் கெட்ட பேர் வாங்கிக் குடுக்கணும். அதானே?"

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"அப்படியே வெச்சுக்குங்க மேடம்" என்றார் மேஸ்திரி. கரணையைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.

மத்தியானம், வாசலைத் திரும்பவும் மெஷினையே கட்டச் சொல்லலாம் என்று டேப்லெட்டைத் திறந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று ஆபீஸ் அறைச் சுவரில் ஒட்டியிருந்த காகித வரைபடத்தோடு ஒப்பிட்டாள்.

காகிதத்தில் வாசல் நாலு அடி. டேப்லெட்டில் மூணு.

தேதியைப் பார்த்தாள். டேப்லெட்டில் இருந்தது பழையது. கட்டில் தாராளமாகப் போய் வர வேண்டும் என்று டாக்டர்கள் கேட்டு, வாசலை அகலமாக்கிப் புது வரைபடம் வந்திருந்தது. அதைச் சுவரில் ஒட்டியதும் அவள்தான், மெஷினில் ஏற்ற மறந்ததும் அவள்தான்.

மேஸ்திரி கட்டிய வாசல் நாலு அடி. நூல் பிடித்த மாதிரி.

நேற்றுக் காலை அவர் இந்த அறை வாசலில் வந்து நின்றது அப்போதுதான் ஞாபகம் வந்தது. "மேடம், அந்த வார்டு வாசல் அளவு..." என்று இழுத்தார். அவள் காதில் போன். "மெஷின் அளவு தப்பாது மேஸ்திரி. நீங்க உங்க வேலையைப் பாருங்க."

முகம் எரிந்தது. ஆனாலும் அவள் என்ன செய்தாள்? கதவைச் சாத்திவிட்டுப் புது வரைபடத்தை ஏற்றினாள். முதலாளியிடம் போய், "டாக்டருங்க அகலமா கேட்டிருக்காங்க சார். அந்த வாசல் அப்படியே இருக்கட்டும். இடிக்க வேண்டாம்" என்றாள்.

"அட, அந்த ஆள் பண்ணின கோளாறைக்கூட நல்லதா மாத்திட்டியே! கெட்டிக்காரிதான்."

அவள் தலையாட்டினாள்.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் காலை, எல்லா ஆட்களும் கூடியிருக்கும்போதே முதலாளி முன்னால் போய் நின்றாள்.

"மெஷின் மேலயும் தப்பில்லை, மேஸ்திரி மேலயும் தப்பில்லை சார். பழைய வரைபடத்தை வெச்சு மெஷினை ஓட்டினது நான். தெரிஞ்சும் மறைச்சேன்."

முதலாளி படிப்பக்கம் கை காட்டினார்.

"முதல்ல போய் அந்த மனுஷனைக் கூட்டிட்டு வா. உன்கிட்ட அப்புறம் பேசிக்கிறேன்."

மேஸ்திரி வீட்டு வாசலில் உட்கார்ந்து சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் பதறி எழுந்தார்.

"உள்ள வாங்க மேடம்."

"வேண்டாம் மேஸ்திரி. உள்ள வர்ற தகுதி எனக்கில்லை. தப்பு என்னோடதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். என்னை மன்னிச்சுடுங்க."

"அட, விடுங்க மேடம். பிசகுறது எல்லாருக்கும் உள்ளதுதானே."

"அன்னிக்கே நீங்க சொல்லியிருக்கலாமே? அத்தனை பேர் முன்னாடி நான் கண்டபடி பேசினேன். ஏன் வாயே திறக்கலை? மெஷின் மேல உங்களுக்கு வெறுப்புன்னு நான் நெனச்சேனே..."

"வெறுப்பா?" மேஸ்திரி சிரித்துவிட்டார். "வரைபடமா மெஷினான்னு முதலாளி பிரிச்சுப் பார்ப்பாராங்க? தப்புன்னு காதுல விழுந்தாலே லாரியை வரச் சொல்லிடுவாரே. உங்க மெஷின் பெல்ட்ல கல் எடுத்து வைக்கிறாளே, அவ என் சம்சாரம் மேடம். பன்னெண்டு வருஷம் அந்தக் கல்லையெல்லாம் தலையில சுமந்து மாடி ஏறினவ. இந்த ஒரு மாசமாத்தான் கழுத்து வலின்னு அழாம தூங்குறா."