சத்தமில்லாத ஏழு நிமிடம்

“எல்லாம் இந்த எடிட்டிங் சாஃப்ட்வேர் அப்டேட் பண்ண வேலைதான்கா. என் மேல தப்பே இல்லை.”

எடிட்டர் நாற்காலியை அரைவட்டம் திருப்பி அமர்ந்து சொன்னான். நர்ஸ் உட்காரவில்லை. இரவு டியூட்டி முடிந்து நேராக வந்திருந்தாள். கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவும் இல்லை. இதே கேள்வியோடு அவள் வருவது இது மூன்றாவது தடவை.

திரையில் அவளே மேடையில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். வாய் அசைந்தது. சத்தம் இல்லை. மருத்துவமனையின் பெரிய டாக்டர் ஓய்வுபெற்ற நாளில் நடந்த பிரிவு உபசார விழா அது. படம் பிடித்தவனும் அவன்தான், இப்போது வெட்டி ஒட்டுபவனும் அவன்தான்.

“மத்தவங்க பேசினதெல்லாம் கேக்குதே தம்பி?”

“அதுதாங்க இவங்க லட்சணம். புது வெர்ஷன்னு சொல்லுவாங்க. திறந்து பார்த்தா, இருந்த பட்டனை இடம் மாத்தி வெச்சிருப்பாங்க. நல்லா ஓடிட்டிருந்த ஒண்ணைக் கெடுத்திருப்பாங்க. புகார் எழுதினா, அடுத்த அப்டேட்டுல சரியாயிடும்னு பதில் வரும். அடுத்தது வரும். அது இன்னொண்ணைக் கெடுக்கும். பத்து ஃபைலை விட்டுட்டுப் பதினொண்ணாவதை முழுங்கும். காசு குடுத்து வாங்கின நாமதான் அவங்களுக்குச் சோதனை எலி.”

இதை அவன் எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறான். பேசப் பேச ருசிக்கும். இன்று ருசிக்கவில்லை.

பக்கத்து மேசையில் கல்யாண ஆல்பம் செய்யும் பெண் தலையைத் தூக்கினாள்.

“நீங்க எப்பண்ணா அப்டேட் போட்டீங்க? நான் போட்டதுக்கே ரெண்டு நாள் என்கூடப் பேசாம இருந்தீங்களே?”

“உன் வேலையைப் பாரும்மா.”

அவள் உதட்டைப் பிதுக்கிவிட்டு, ஒரு மணப்பெண்ணின் கன்னத்திலிருந்த பருவை அழிக்கத் திரும்பினாள்.

நர்ஸ் திரையின் விளிம்பில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தாள். அவன் கையெழுத்து. ‘கையில் வேலை இருக்கும்போது அப்டேட்டைத் தொடாதே.’ மாதக்கணக்கில் அங்கேயே இருந்ததால் அவன் கண்ணுக்கே தெரியாமல் போயிருந்த சீட்டு. அவனுக்குக் காது சுட்டது.

அவள் பார்வையை அவன் பக்கம் திருப்பினாள்.

“எனக்காகக் கேக்கலை தம்பி. எம் பொ... பொண்ணுக்காக.” நாக்கு சிக்கும் சொல்லுக்கு முன்னால் அவள் ஒரு கணம் நின்றாள், இருட்டில் படி இறங்குகிறவள்போல. “எட்டு வயசு. என்னை மாதிரியே திக்கும். வாயைத் திறந்தா கிளாஸ்ல சிரிக்கிறாங்களாம். ரெண்டு மாசமா வாயையே திறக்கலை. டீச்சர் பே... பேர் கூப்பிட்டாக்கூட கையை மட்டும் தூக்குறா.”

எடிட்டர் மவுஸைப் பிடித்தான், விட்டான்.

“இருபது வருஷ சர்வீஸ்ல நான் மைக்கைத் தொட்டதே இல்லை. அவளுக்காகத்தான் அன்னிக்கு ஏறினேன். அவ அதைச் சத்தத்தோட பார்க்கணும்.”

“ஒண்ணு பண்றேன்கா. உங்க படத்துக்குப் பின்னாடி நல்ல வயலின் போட்டுத் தர்றேன். பார்க்கிறவங்களுக்குக் கண்ணுல தண்ணி வந்துடும்.”

“பேசினது நான். வயலினா பேசிச்சு?”

ஆல்பம் பெண் சிரிப்பை இருமலாக்கினாள்.

“வேற எதுலயும் அந்தச் சத்தம் பதிவாகலையா?”

“இல்லைக்கா. காலர் மைக்கை மறந்துட்டு வந்துட்டேன். அது என் தப்புதான்.” ஒன்றையாவது ஒப்புக்கொண்டதில் அவனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. “கேமரா மைக் மட்டும்தான் இருந்துச்சு. அது பக்கத்துல கேக்கிறதைத்தான் பெருசா பிடிக்கும். எல்லாச் சத்தமும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். ஒண்ணை எடுத்தா இன்னொண்ணும் கூடவே...”

சட்டென்று நிறுத்தினான்.

நர்ஸ் நாற்காலியை இழுத்துப்போட்டு முதல்முறையாக உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“கேமரா மேடைக்கு ரொம்பக் கிட்ட இருந்துச்சு தம்பி.”

அவன் திரையையே பார்த்தான்.

“நான் டாக்டருக்கு நன்றி சொன்னப்ப, லைட் பிடிச்சவர்கிட்ட என்னை மாதிரியே பேசிக் காட்டினீங்க. ‘ந... ந... நன்றி’ன்னு. ரெண்டு பேரும் சிரிச்சீங்க. அங்க நின்ன எனக்கே கேட்டுச்சு. மைக்குக்குக் கேக்காதா?”

ஆல்பம் பெண்ணின் மவுஸ் சத்தம் நின்றது. அவள் பக்கம் திரும்ப அவனுக்குத் தெம்பில்லை.

நர்ஸின் குரலைத் தானே மூடிவைத்திருந்த மியூட் பட்டனை இப்போது விடுவித்தான். ஏழு நிமிடமும் பத்திரமாக இருந்தது. அவளுடைய திக்கல். அதன் மேல் அவனுடைய திக்கல். இரண்டு ஆண்களின் சிரிப்பு. பிறகு மறுபடியும் அவள்.

“மன்னிச்சிடுங்கக்கா.” குரல் அவனுக்கே கேட்கவில்லை. “எங்க சிரிப்பை மட்டும் வெட்டிடறேன். உங்க வார்த்தை நாலஞ்சு அதோட போயிடும். மத்ததெல்லாம் அப்படியே இருக்கும்.”

“ஐயோ, அதை வெட்டிடாதீங்க தம்பி,” என்றாள் நர்ஸ் பதறிப்போய். “அதைக் கேட்டப்புறமும் அம்மா பேச்சை நிறுத்தலைன்னு அவளுக்குக் கா... காட்டத்தான் மூணு தடவை வந்திருக்கேன்.”