முசுடு என்ற அட்டை

மூன்றாவது முறையாக அந்தச் சொல் அட்டையைக் கையெழுத்துப் போடாமல் திருப்பி வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார் அகராதி அலுவலகத்தின் சரிபார்ப்பு அம்மாள். அட்டையில் இருந்த சொல், முசுடு. ‘எப்போதும் குறைபட்டுக்கொள்பவர்’ என்ற பொருளில் அவருக்குத் தகராறு இல்லை. ‘கடியெறும்பின் பெயரிலிருந்து வந்தது’ என்ற வரிக்குக் கீழேதான் சிவப்பு மையில் கேட்டிருந்தார்: "யார் சொன்னது? ஆதாரம் எங்கே?"

இரண்டு வாரம் கழித்து, முந்தின நாள்தான் வேலைக்குச் சேர்ந்த உதவியாசிரியை அதை எடுத்துக்கொண்டு பதிப்பாசிரியரிடம் வந்தாள்.

"சார், அச்சகத்துல கழுத்தைப் பிடிக்கிறாங்க. இது ஒண்ணுதான் பாக்கி. கேள்வி கேட்டவங்களே கையெழுத்துப் போட்டாத்தான் அட்டை போகுமாமே. யார் சார் போட்ட சட்டம் இது?"

"நான்தான். அந்தம்மா நச்சரிப்பு தாங்காம போட்டேன்."

"அவங்கதான் சார் சரியான முசுடு. நம்பர் குடுங்க, நான் பேசுறேன்."

"எடுக்கமாட்டாங்க."

"அப்போ வீட்டுக்கே போய் வாங்கிட்டு வரேன்."

"வீட்டுல நான் மட்டும்தாம்மா இருக்கேன்," என்றார் பதிப்பாசிரியர். "அவ போய்ப் பதிமூணு நாளாச்சு."

உதவியாசிரியை மெல்ல உட்கார்ந்தாள். "அந்த வரியை அடிச்சுட்டு நீங்களே கையெழுத்துப் போட்டுடலாமே சார்," என்றாள்.

அவர் பேனாவைத் திறந்தார். அட்டையிலிருந்த சிவப்பு மையைப் பார்த்துவிட்டு மூடினார்.

"அவ இருக்கிறப்பவே அவ கேள்வியை என்னால தாண்ட முடியல. இப்பவா தாண்டப்போறேன்? இது இல்லாமலே அச்சுக்கு அனுப்பும்மா."

அதன் பிறகு மூன்று பதிப்புகள் வந்துவிட்டன. சொல்லைக் காணோமென்று வாசகர்கள் குறைபட்டு எழுதிக்கொண்டேயிருக்கிறார்கள். அந்த அகராதியில் இன்றுவரை முசுடு இல்லை.