இடுப்பு நாற்பத்திரண்டு

துண்டுத் தாளின் மேல்பாதியில் மனைவியின் அளவு இருந்தது. கீழ்ப்பாதியைப் படித்த தையல்காரருக்கு விரலில் ஊசி ஏறியது போலச் சுருக்கென்றது. இடுப்பு நாற்பத்திரண்டு, தொடை இருபத்தைந்து. யாரோ ஒரு ஆம்பளையின் அளவு!

“சைக்கிள் ஓட்டறதுக்கு ரெண்டு கால்சட்டை. உக்கார்ற இடத்துல நல்லா ஸ்பாஞ்ச் வெச்சுத் தைங்க. வெள்ளிக்கிழமை வேணும்” என்றாள் அவள், கைப்பையை மாட்டிக்கொண்டே.

“ரெண்டாவது யாருக்கு?”

“கூட வர்றவருக்கு.”

மேலே கேட்பதற்குள் பல் ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிட்டது என்று சைக்கிளில் ஏறிப் பறந்துவிட்டாள். அங்கே டோக்கன் கொடுக்கும் வேலை அவளுக்கு. ஒரு மாதமாகச் சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடம்தான். வயல் வழியாக நான்கு நாள், கடலோரமாக ஐந்து நாள்.

கல்யாணமான புதிதிலிருந்து இந்த சைக்கிள் பயணத்துக்கு வருடம் தவறாமல் அவரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். “கடையை யாரு பாப்பா?” என்று அவரும் வருடம் தவறாமல் சொன்னார். பதினேழு வருடம். இந்த வருடம் அவள் கேட்கவேயில்லை. அப்பாடா, விட்டது தொல்லை என்று இவர்கூட நினைத்தார்.

மேசையில் கிடந்த அவளுடைய நோட்டைப் பிரித்தார். மனசு கேட்கவில்லை.

‘முதல் நாள் இருபது கிலோமீட்டர் போதும். அவருக்குப் பழக்கம் இல்லை. மூன்றாம் நாள் மேடு. அவர் சலித்துக்கொள்வார், பேச்சுக் கொடுத்துக்கொண்டே தள்ள வேண்டும். ஐந்தாம் நாள் கலங்கரை விளக்கம் பக்கத்து விடுதி. கடல் பார்த்த அறை. ஒன்று போதும்.’

ஒன்று போதுமாமே! காது வரைக்கும் கொதித்தது. அவர், அவர், அவர்! பக்கத்துக்கு நாலு அவர்!

அதற்குப் பிறகு அவருக்கு மனிதர்களின் முகம் தெரியவில்லை, இடுப்புதான் தெரிந்தது. கடைக்கு வந்தவர், தெருவில் போனவர், எதிரே வண்டிக்குக் காத்து நின்றவர் என்று எல்லாத் தொந்திகளையும் கண்ணாலேயே அளந்தார். கடைசியில் சந்தேகம் பக்கத்து மருந்துக்கடைக்காரர் மேல் போய் நின்றது. அவள் போகும்போதும் வரும்போதும் அந்த ஆள் கை அசைப்பதுண்டு.

“வாங்க, உங்களுக்கு ஒரு பேன்ட் தைச்சுத் தர்றேன். துணி மிச்சம் இருக்கு, சும்மாதான்.”

“நெஜமாவா அண்ணே?” மருந்துக்கடைக்காரர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு கையைத் தூக்கி நின்றார்.

டேப்பை ஒரு சுற்றுச் சுற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார் தையல்காரர். நாற்பத்தாறு.

“நாப்பத்தாறா? நான் முப்பத்தெட்டுன்னுல்ல நெனச்சிட்டு இருந்தேன்!”

“எல்லாருக்கும் அப்படித்தான் நெனப்பு” என்று எரிந்து விழுந்தார் தையல்காரர். ஆள் இவர் இல்லை. நிம்மதி வர வேண்டிய இடத்தில் வயிற்றெரிச்சல்தான் கூடியது. தண்டத்துக்கு ஒரு பேன்ட் வேறு.

வியாழக்கிழமை கடையைப் பாதி சாத்திவிட்டு, தன் இடுப்பு நாடாவைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு மிஷின் முன் உட்கார்ந்தார். அவளுடையதை முதலில் தைத்தார். எந்தப் பாவிக்காகப் போனாலும் அவள் தொடை உரசிப் புண்ணாகக் கூடாது; மடிப்பை இரண்டு முறை பிரித்துத் தைத்தார்.

அடுத்ததைக் கையில் எடுத்ததும் பல்லைக் கடித்தார். இந்த உடம்பை வைத்துக்கொண்டு ஐயாவுக்கு சைக்கிள் ஒரு கேடா? தையலைக் கோணலாகப் போட்டுவிடலாம் என்றுதான் பார்த்தார். தொழில் பழகிய கை மறுத்துவிட்டது. இடுப்பில் மட்டும் இரண்டு அங்குலத்தைப் பிடித்துவிட்டார். முதல் மேட்டிலேயே மூச்சு முட்டட்டும். ஸ்பாஞ்சிலும் ஒரு அடுக்கை உருவி மூலையில் எறிந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் வந்ததும் இரண்டையும் மேசையில் தூக்கிப் போட்டார்.

“இந்தா. போறதுதான் போற, திரும்பி வருவியா?”

“யாரு கண்டா?” அவள் தன்னுடையதை விரித்துப் பார்த்துப் பூரித்துப் போனாள். “அந்தக் காத்து புடிச்சுப் போச்சுன்னா அங்கேயே இருந்துட வேண்டியதுதான்.”

அவர் போட்டு உடைத்துவிட வேண்டும் என்று வாயைத் திறந்தால், வந்த பேச்சே வேறு.

“பதினேழு வருஷம் கேட்டியே... இந்த வருஷமும் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?”

“கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க?”

“வர்றேன்னு சொல்லியிருப்பேன்.” சொல்லி முடித்த பிறகுதான், அது நிஜம் என்று அவருக்கே தெரிந்தது. “இப்ப சொல்லி என்ன பிரயோஜனம்!”

அவள் இரண்டாவது கால்சட்டையை எடுத்து இடுப்பை இழுத்துப் பார்த்தாள். முகம் மாறியது. அவர் கழுத்தில் தொங்கிய டேப்பை உருவி அளந்தாள். இன்னொரு தரமும் அளந்தாள்.

“என்னங்க இது? நீங்க மத்தியானம் தூங்கறப்ப அளந்துதானே நாப்பத்திரண்டுன்னு எழுதிக் குடுத்தேன். நாப்பதுதான் இருக்கு... உங்களுக்கு இறுக்குமே!”