சத்தம் போடாத டிராக்டர்

"இதையா என்ஜின்ங்கறே? எங்க வீட்டுத் தையல் மெஷின்கூட இதைவிடச் சத்தமா உறுமும்யா, ஓரின்!"

டெல்மர் தம் பேச்சுக்குத் தாமே சிரித்தார். அவருடைய பால்ய நண்பரான ஓரின் சிரிக்கவில்லை.

கொட்டகையின் நடுவே, முன்மூடி திறந்த நிலையில், புல் வெட்டும் அந்தச் சிவப்பு நிறத் தோட்ட டிராக்டர் நின்றது. அதனோடு தொழிற்சாலையில் பிறந்து, இத்தனை காலமும் அதைவிட்டுப் பிரியாதிருந்த ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் என்ஜின், இப்போது தனியே சங்கிலியில் தொங்கியது. அது இருந்த இடத்தில், பழைய கோல்ஃப் வண்டியொன்றிலிருந்து கழற்றிய மின்மோட்டாரை வைத்து, ஓரின் போல்ட்டுகளை முடுக்கிக்கொண்டிருந்தார்.

"அடுத்த வாரம் கவுன்டி கண்காட்சி. ஒரிஜினல் என்ஜின் இல்லாத வண்டியைப் பழைய டிராக்டர் ஊர்வலத்துல சேர்க்க மாட்டாங்க. ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு."

"வருஷா வருஷம் முதல் வரிசையில போன ஆளு நீ. இனி பாப்கார்ன் கடைப் பக்கத்துல நின்னு எங்களுக்குக் கை தட்டுவியாக்கும்?"

"தட்டறேன். அந்த ஸ்பேனரை எடு."

"எல்லாம் ஆர்டிஸுக்காகத்தானே?"

ஓரினின் காதுமடல்கள் சிவந்தன.

வேலிக்கு அப்பால் தனியே வசிக்கும் ஆர்டிஸின் புல்வெளியை, அவருடைய கணவர் காலமானதிலிருந்து ஓரின்தான் வெட்டுகிறார். வெட்டுகிறார் என்பதைவிட, வெட்ட முயல்கிறார் என்பதே சரி. தனியாக இருப்பவர் வீட்டுப் புல்லைப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து வெட்டிவிட்டுப் போவது அந்த ஊரில் வழக்கம். அதற்கு யாரும் அனுமதி கேட்பதுமில்லை, நன்றி சொல்வதுமில்லை. ஆனால், பாதிப் புல்வெளியைக் கடந்து ஆப்பிள் மரத்து மேட்டில் ஏறும்போது, ஓரினின் என்ஜின் திணறி முழங்கும். அந்த நேரம் பார்த்து ஆர்டிஸ் துடைப்பமும் கையுமாக வந்து வண்டியை மறித்துக்கொள்வார்.

"மண்டையைப் பிளக்குது உன் சத்தம்! போதும், போ!"

திட்டத் தொடங்கிவிட்டால், எதிராளியின் பதிலுக்குக் காத்திருக்கும் பழக்கம் ஆர்டிஸுக்குக் கிடையாது. எதிரே நிற்பவரை நிமிர்ந்து பார்க்கும் துணிவு ஓரினுக்குக் கிடையாது. தரையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்துவிட்டு, மீதிப் புல்லை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். மறுநாள் மீண்டும் போவார். மீண்டும் ஆப்பிள் மரம், மீண்டும் துடைப்பம்.

போன வாரம் அந்தத் திட்டோடு புதிதாக ஒன்றும் சேர்ந்துகொண்டது: "இந்த இரைச்சலுக்கு, பேசாம டவுன்லேருந்து ஒரு ஆளை வெச்சுக்கலாம்!"

ஆர்டிஸ் அதைச் சொன்னவுடனேயே மறந்திருக்கலாம். ஓரினுக்கோ அன்றிலிருந்து உறக்கமில்லை. ஆள் வந்துவிட்டால், அந்த வேலியைத் தாண்ட அவருக்கு வேறு காரணம் ஏது?

"டெல்மர், அந்தப் பழைய என்ஜினை நீயே கொண்டு போ."

டெல்மரின் சிரிப்பு நின்றது. "நிஜமாவா? நாளைக்கு வந்து அழுதாலும் திருப்பித் தர மாட்டேன்யா."

"அழ மாட்டேன். கொண்டு போ."

பிக்கப் வண்டியில் என்ஜினை ஏற்றிப் போர்வையால் மூடி, கைக்குழந்தையைக் கொண்டு செல்பவரைப் போல டெல்மர் மெதுவாக ஓட்டிச் சென்றார். வண்டி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, ஓரின் முன்மூடியைச் சாத்தினார்.

மறுநாள் பிற்பகல், வெயில் தேனாக இளகியிருந்த வேளையில், அவர் வேலியைக் கடந்தார்.

டிராக்டர் ஓடவில்லை, மிதந்தது. ஏரியின்மேல் துடுப்பில்லாமல் நகரும் படகைப் போல அது தன் போக்கில் சென்றது. அடியில் கத்திகள் காதோடு ஏதோ கிசுகிசுக்க, புல் தூக்கத்தில் புரண்டு படுப்பதைப் போலச் சாய்ந்தது. தொலைவில் ஒரு பசு அழைத்தது. இன்னொன்று யோசித்துப் பதில் சொன்னது. கொடியில் ஆர்டிஸின் படுக்கைவிரிப்புகள் உப்பித் தாழ்ந்து மூச்சு விட்டன. வெட்டுக்கிளிகளின் இடைவிடாத ரீங்காரம் காற்றில் நிறைந்திருந்தது. இந்த இருக்கையில் பாதி ஆயுளைக் கழித்தவருக்கு, உலகம் இவ்வளவு பேசும் என்பது இன்றுதான் தெரிந்தது. தாம் விழித்திருக்கிறோமா, அல்லது இந்தப் பிற்பகல் காணும் கனவுக்குள் தாம் போய்க்கொண்டிருக்கிறோமா என்றுகூட அவருக்கு ஐயம் எழுந்தது.

ஆப்பிள் மரத்து மேடு வந்தது. ஓரின் மூச்சை அடக்கிக்கொண்டார். மோட்டார் திணறவில்லை, முனகக்கூட இல்லை. வண்டி பூனையைப் போல மேலே ஏறியது.

கதவு திறந்தது.

துடைப்பத்தோடு வந்த ஆர்டிஸ் வண்டிக்கு முன்னால் நின்றார். என்ஜின் போயிற்று, ஊர்வலம் போயிற்று; கடைசியில் இதுவுமா?

"மண்டையைப் பிளக்குது உன் சத்தம்! போதும், போ!"

ஓரின் திகைத்துப்போனார். திகைப்பில், முதன்முறையாக, ஆர்டிஸின் முகத்தை நேருக்கு நேர் பார்த்துப் பேசினார்.

"ஆர்டிஸ்... வண்டி இன்னிக்குச் சத்தமே போடலையே."

அவருடைய உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்த ஆர்டிஸின் கையில் துடைப்பம் மெல்லத் தாழ்ந்தது.

"அகப்பட்டுக்கிட்டேனா? எனக்குக் காது கேக்காம போய் வருஷக்கணக்காச்சு, ஓரின். உன் வண்டிச் சத்தத்தை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. ஜன்னல்ல உக்காந்து நீ வர்றதைத்தான் பாத்துக்கிட்டிருப்பேன்."

"அப்புறம் எதுக்கு என்னைத் தினமும் பாதியிலேயே விரட்டினே?"

"முழுசும் வெட்ட விட்டா, மறுநாள் எதுக்கு வருவே?"