காவலனுக்கு ஒரு பெயர்

தோழியர் ஆளுக்கொரு வேடம் ஏற்று ஆடும் பகடை ஆட்டத்தில் நப்பின்னையே கதைசொல்லி. எல்லா வீட்டுக் கதைசொல்லிகளையும் போல அவளும், செவியில் அணிந்த காதுமணி என்னும் கருவி ஓதிய கதையையே மூன்றாண்டுகளாகச் சொல்லிவந்தாள். அன்று அவள் கோட்டைவாயிலின் இருளை வருணித்ததும் ராபியா சிரித்துவிட்டாள்.

"ஏ பின்னை, நேத்து எங்க மதினி வீட்டு ஆட்டத்துலயும் இதே இருட்டுதான்டி. ஒரு எழுத்து மாறல. அடுத்த வாரம் நான் எதுக்கு இவ்வளவு தூரம் வரணும்?"

நப்பின்னை காதுமணியைக் கழற்றி வைத்தாள். வாளேந்திய காவலனை வாயிலில் நிறுத்த வேண்டிய இடத்தில், தன்னை அறியாமல் அவனுக்குக் கூத்தன் என்று பெயரிட்டாள். பெயரைத் தொடர்ந்து ஊர் வந்தது. அன்று காலை பிரசவ நோவெடுத்த அவன் மனைவியும் வந்தாள். சாகப்போகும் காவலனுக்கு இவையெல்லாம் பிழையென்று காதுமணி எப்போதும் வெட்டியெறிந்துவிடும்.

அவனைக் கொல்லப் பகடை உருட்டவேண்டிய ஸ்டெல்லா, அதைக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"போடி, இனி இவன எப்படி வெட்டுறது?"

ராபியா நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டாள்.

"வெட்டுறது இருக்கட்டும். கொழந்த பொறந்துச்சான்னு கேளு மொதல்ல."

அது நப்பின்னைக்கும் தெரியாது. ஸ்டெல்லாவின் கையிலிருந்து பகடையை வாங்கி உருட்டினாள். மூன்று தலைகளும் ஒன்றாய்க் குனிந்தன.