ஒதுக்கிவிட ஒன்றுமில்லாத தண்ணீர்

நீது குடித்து முடித்து, டம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள்.

மகளிடமிருந்து அதை வாங்கிய சுஜா முகர்ந்து பார்த்தாள். வார்னிஷ் காயாத கதவில் யாரோ சர்க்கரைப் பாகைத் தடவிவிட்டதுபோல ஒரு வாடை.

"மைனி, இது எந்தத் தண்ணி?"

"நம்ம கிணத்துத் தண்ணிதான். ஏன், என்ன?" என்றாள் பொன்செல்வி.

பொன்செல்வி, சுஜாவின் அண்ணன் மனைவி. அண்ணன் காயலில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறான். வீட்டுக் கிணற்றுக்கும் காயலுக்கும் நடுவே ஒரு தென்னை நிற்கும் அகலம்தான்.

சுஜா நகரத்தில், தம்பானூரில் ஒரு லாட்ஜில் அறை கூட்டுகிறாள். பிள்ளையை அங்கே வைத்துக்கொள்ள விடவில்லை. அதனால் போன ஓணத்துக்கு நீதுவை இங்கே கொண்டுவந்து விட்டாள். இன்றைக்கு அதே நகரத்தில் ஆரியசாலையில் ஒரு வாடகை அறைச் சாவி கைக்கு வந்துவிட்டது. மகளைக் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறாள்.

காயலோரத்து ஆட்களுக்கு முன்பு ஒரு பழக்கம் இருந்தது. படகு கக்கிய எண்ணெய் தண்ணீர்மேல் வானவில்லாக மினுங்கும். அதை உள்ளங்கையால் ஒதுக்கிவிட்டுத்தான் குடம் முக்குவார்கள். அதுவும் பாத்திரம் கழுவ மட்டும். மழைக்காலத்தில் கிணற்றில் அந்த மினுக்கம் தெரிந்தால் குடிக்க ஊர்க்குழாய்க்குப் போய்விடுவார்கள்.

பிறகு புது இன்ஜின்கள் வந்தன. பெட்ரோலில் கலக்க நீல டப்பாவில் ஒரு மருந்து வந்தது. படகு புகைவதில்லை. மினுக்கமும் இல்லை.

ஒதுக்கிவிட எதுவும் மிதக்காததால், எல்லோரும் எந்நாளும் கிணற்றுத் தண்ணீரையே குடிக்கத் தொடங்கினார்கள்.

சுஜா கிணற்றை எட்டிப் பார்த்தாள். அடிக்கல் தெரியும்படி தெளிவு. பாசி இல்லை. தவளை இல்லை. ஒரு கொசுப்புழுகூட இல்லை.

"மைனி, உங்களுக்கு நாத்தம் தெரியலியா?"

"எளவு, ஒனக்கு லாட்ஜு பினாயில் மூக்குல ஏறிப்போச்சுட்டீ!" பொன்செல்வி சிரித்துக்கொண்டே ஒரு டம்ளர் மொண்டு ஒரே மூச்சில் குடித்தாள்.

சுஜா பையிலிருந்து பாட்டிலை எடுத்து மகளிடம் நீட்டினாள். லாட்ஜில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்.

நீது ஒரு வாய் வைத்தாள். உடனே துப்பினாள்.

"அய்யே, நாறுது!"

பொன்செல்வி பாட்டிலை வாங்கி முகர்ந்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பாட்டிலைத் தள்ளி வைத்தாள்.

சுஜா எடுத்து முகர்ந்தாள். ஒன்றுமில்லை. குடித்தாள். வெறும் தண்ணீர்.

மண்டியிட்டு இரண்டு கைகளையும் விரித்தாள்.

"வா மக்கா, அம்மகூட நம்ம வீட்டுக்குப் போலாம்."

நீது சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள். கைக்கெட்டும் தூரத்தில் சட்டென்று நின்றாள். அவளுடைய சின்ன மூக்கு சுருங்கியது.

மெல்லப் பின்வாங்கி நடந்துபோய், அத்தையின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அங்கே அவள் ஆழமாக, ஆசையாக மூச்சிழுக்கும் சத்தம் சுஜாவுக்குக் கேட்டது.