பூட்டுப் போட்ட ஜன்னல்

இரும்பு அறுக்கிற சத்தம் தெருமுனைக்கே கேட்டது.

பள்ளிக்கூடத்திலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு வந்தால், அறுபடுவது எங்கள் ஜன்னல்.

வீட்டுக்காரர் குடும்பம் மேலே. நானும் மகளும் கீழே, பேஸ்மென்ட்டில் வாடகைக்கு. ஜன்னலுக்கு வெளியே, வெளிச்சம் வரத் தோண்டியிருந்த குழிக்குள் இறங்கி வெல்டர் கம்பிக் கதவை அறுத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் மேலே நின்று, சுவரையும் இடித்து அகலமாக்கச் சொல்லி ஏவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் புத்தம்புது இரும்பு ஏணி.

என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை.

குடிவந்த நாளிலிருந்து இதற்காகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியிருக்கிறேன். கீழேயிருந்து வெளியே வர ஒரே ஒரு படிக்கட்டு. அது போய் முடிகிற இடம் அவர்கள் சமையலறை, அடுப்புக்குப் பக்கத்தில். அங்கே தீப்பிடித்தால் எங்களுக்கு இந்த ஜன்னல்தான் வழி. அதற்கு ஒரு கம்பிக் கதவு, கதவுக்கு ஒரு பூட்டு. சாவி எங்கே என்று கேளுங்கள். அதே சமையலறையில், ஆணியில் தொங்குகிறது!

சாவியையாவது கொடுங்கள் என்றால் உடனே உருகிவிடுவார்.

"உன்னை என் கூடப்பிறந்த தங்கச்சியா நினைக்கிறேன்மா. திருடன் புகுந்தா நான்தானே பதில் சொல்லணும்? தீப்பிடிச்சா மேலேருந்து ஒரு குரல் கொடுக்க மாட்டேனா?"

குரல் கொடுப்பாராம்!

போன மழைக்காலத்தில் அவர் மனைவி எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டுப் போனில் பேசப் போய்விட்டார். படிக்கட்டு முழுக்கப் புகை. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நான் கம்பியைப் பிடித்து உலுக்கினேன். அவர் குரல் கொடுத்தார்தான், மனைவியை வெளியே ஓடச் சொல்லி. புகை அடங்கிய பிறகும் எங்களை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து மகள் ஷூவைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாள்.

கம்பிக் கதவு தடாலென்று குழிக்குள் விழுந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதுவிட்டேன். மனுஷனை என்னவெல்லாம் திட்டியிருக்கிறோம் என்று உறுத்தியது. மகளோடு கீழே போய், நல்ல டீயாகப் போட்டு அவருக்கு எடுத்துவந்தேன். அதற்குள் ஏணியைக் குழிக்குள் இறக்கி நிறுத்தியிருந்தார்கள்.

டம்ளரை வாங்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"இந்த மாசக் கடைசியில காலி பண்ணிக் கொடுத்திடும்மா. என் பொண்ணு கைக்குழந்தையோட வர்றா, கீழதான் இருக்கப் போறா. ஜன்னல் பூட்டியிருந்தா எனக்குத் தூக்கம் வருமா, சொல்லு?"

ஆக, தங்கச்சி வீட்டுக்குத் திருடன்தான் வருவான். அவர் பெற்ற மகள் இருந்தால்தான் தீப்பிடிக்கும்.

பாதி குடித்த டம்ளரை அவர் கையிலிருந்து பிடுங்கி மிச்சத்தைக் குழியில் கொட்டினேன். வெல்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

அதற்குள் ஜன்னல் வழியாக ஒரு சின்னத் தலை வெளியே வந்தது. புது ஏணியில் தானாகவே ஏறி, குழி விளிம்பில் முட்டிபோட்டு நின்றாள் என் மகள். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா, இனிமே ஷூவைக் கழட்டிட்டுத் தூங்கலாமா?"

"கழட்டிக்கோடா," என்றேன், அவர் காதில் நன்றாக விழும்படி. "மாசக் கடைசி வரைக்கும்."